உதட்டுக் கொப்புளத்தைப் பற்றி, இன்னும் பிறக்காத என் மகளுக்கு

உனக்கு இன்னும் பெயர் இல்லை. நீ எந்த ஊரில், எந்த வருஷத்தில் பிறப்பாய் என்றும் தெரியாது. எனக்கே இன்னும் பதினேழு முடியவில்லை. பதினொன்றாம் வகுப்பில் படிக்கிற ஒருத்தி பிறக்காத மகளுக்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யாராவது கேள்விப்பட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். என் தோழி நஸ்ரீனிடம் சொல்லலாம் என்றால் இனி அவளைப் பார்க்கவே விடுவார்களா தெரியவில்லை. அம்மாவிடம் சொல்ல முடியாது, ஏனென்றால் இது அம்மாவைப் பற்றியது. அப்பாவிடம் சொன்னால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. மிச்சம் இருப்பது நீதான். நீ வளர்ந்து, சொந்தமாகச் சம்பாதிக்கிறவளாகி, ஒரு நாள் சாவகாசமாக உட்கார்ந்து இதைப் படிக்கிறாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விடிந்ததும் என் அப்பா, அதாவது உன் தாத்தா, என் பள்ளிக்கூடத்துக்குப் போய் டி.சி. கேட்கப் போகிறார். அதற்காக மில்லில் லீவு சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அத்தோடு என் படிப்பு முடிந்தது. நான் எந்தப் பாடத்திலும் பெயிலாகவில்லை. யாரோடும் ஓடிப்போகவில்லை. என் கீழுதட்டில் ஒரு கொப்புளம் வந்தது. இதை எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். எனக்கே நம்ப முடியவில்லை. உனக்கு எப்படி இருக்கும்?

அரைப் பரீட்சை நடந்துகொண்டிருந்தபோது எனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடு பஸ் ஏறி, அரியாங்குப்பத்திலிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டி டவுனுக்குப் போய் எல்லாப் பரீட்சையும் எழுதினேன். கடைசிப் பரீட்சையின்போது உதட்டின் ஓரத்தில் ஏதோ ஊர்வது போல இருந்தது. எறும்போ என்று இரண்டு மூன்று முறை தட்டிவிட்டேன். பிறகு எரிய ஆரம்பித்தது. மறுநாள் காலையில் கண்ணாடியில் பார்த்தபோது, சின்னச் சின்ன ஜவ்வரிசிகளை ஒன்றாக ஒட்டிவைத்தது போல நீர் கோத்த கொப்புளங்கள். வாயைத் திறந்தால் வலி, மூடினால் வலி. அம்மா பார்த்துவிட்டு, "பல்லி ஏதாச்சும் மேல ஓடியிருக்கும். கண்ட எடத்துல படுத்தா இப்பிடித்தான்" என்று தேங்காய் எண்ணெய் தடவினாள். பள்ளிக்கூடம் திறந்த அன்று வகுப்பில் ஒருத்தி, "யாருடி கடிச்சது, நாயா, ஆளா?" என்று கேட்க எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன். சிரித்ததில் கொப்புளம் உடைந்து ரத்தம் வந்தது.

நஸ்ரீன் மட்டும் சிரிக்கவில்லை. "எங்கம்மாவுக்கும் இப்பிடி வரும்டி. ஒரு க்ரீம் இருக்கு, அதப் போடுவாங்க. போட்டுட்டு வெள்ளையா உதட்டோட நிப்பாங்களா, எங்க அத்தா பாத்துட்டு, இன்னா இன்னிக்கு மாவுல முத்தம் குடுத்தியான்னு கேப்பாரு" என்றாள். க்ரீமின் பெயரையும் சொன்னாள். அவள் சொன்னதில் எனக்கு மருந்தைவிட அவள் வீட்டில் இதை வைத்துக் கேலி பேசிக்கொள்கிறார்கள் என்பதுதான் மனதில் நின்றது. அன்று மாலை பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த ஒரு மெடிக்கலுக்குத் தனியாகப் போனேன். அது என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய தப்பு என்கிறார்கள் இப்போது. நீ அப்படி நினைக்காதே. உடம்புக்கு ஏதாவது வந்தால் மருந்து கேட்டுப் போவது தப்பே கிடையாது. தனியாகப் போனதில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

மெடிக்கலில் இருந்தவர் என் உதட்டைப் பார்த்தார், என் யூனிபாரத்தைப் பார்த்தார். "அசைக்ளோவிர் க்ரீமா? யாருக்கும்மா?" என்றார். எனக்குத்தான் என்றேன். உள்ளே திரும்பி, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஹெர்பிஸ் க்ரீம் ஒண்ணு எட்றா" என்றார். பிறகு என்னிடம் குனிந்து, "படிக்கிற வயசு. பாத்து இரும்மா" என்றார். எதைப் பார்த்து இருக்கச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. வெயிலைச் சொல்கிறாரோ என்று நினைத்து, "சரிங்க" என்று தலையை வேறு ஆட்டினேன். பக்கத்தில் தலைவலி மாத்திரை வாங்கிக்கொண்டு நின்றவர் ரவி சித்தப்பா என்பதை அப்போதுதான் கவனித்தேன். அப்பாவுக்குத் தம்பி முறை. பெரிய கடைத்தெருவுக்குப் பின்னால் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். "இன்னாம்மா, ஒடம்புக்கு?" என்று அன்பாகத்தான் கேட்டார். "உதட்டுல புண்ணு சித்தப்பா" என்றேன். "பாத்துப் போ" என்று என்னை பஸ் ஏற்றியும் விட்டார்.

அவர் கடைக்குப் போனதும் செய்த முதல் காரியம், மெடிக்கல்காரர் சொன்ன அந்த ஒரு வார்த்தையைக் கம்ப்யூட்டரில் அடித்துப் பார்த்தது. என்னென்ன படங்கள் வந்தனவோ தெரியாது. அதே பெயரில் இன்னொரு வகையும் உண்டு, அது உதட்டில் இல்லாமல் மறைவான இடத்தில் வரும், கெட்ட நடத்தையால் வருவது என்று எல்லோரும் சொல்வார்கள் என்பதை இப்போது நான் அறிவேன். சித்தப்பா இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. மேலே வந்ததைப் பார்த்தார், அப்பாவுக்கு போன் போட்டார். அப்பா ஷிப்டு முடிந்து நேராக அவர் கடைக்குப் போய், அங்கே அந்தத் திரையில் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். என் அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. படம் பார்க்கப் படிப்பு எதற்கு?

அவர் வந்தபோது நான் கண்ணாடி முன்னால் நின்று க்ரீமை ஒத்திக்கொண்டிருந்தேன். அவர் செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தார். அப்படி அவர் வந்து நான் பார்த்ததே இல்லை. கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. மெதுவாக, பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல, "யார் அவன்?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. க்ரீமைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, "மெடிக்கல் கடைக்காரருப்பா, பேர் தெரியாது" என்றேன். அம்மா சமையற்கட்டிலிருந்து வந்தவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் இரண்டு வாக்கியத்தில் சித்தப்பா சொன்னதைச் சொன்னார். அம்மாவின் கை என் கன்னத்தில் விழுந்தது. எனக்கு வலித்த ஞாபகமே இல்லை. க்ரீம் ட்யூப் பறந்துபோய்த் தையல் மெஷினுக்கு அடியில் விழுந்தது, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா அதைக் குனிந்து எடுத்து, துணியில் சுற்றி, கொல்லைச் சுவருக்கு அப்பால் வீசினாள், செத்த எலியை வீசுவது போல.

அம்மா அன்று திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே விஷயம்தான். "நம்ம வீட்டுல யாராச்சும் சொம்ப வாயில வெச்சுக் குடிச்சிருக்கமா? ஒருத்தர் தின்னத இன்னொருத்தர் தின்னுருக்கமா? எச்சில்ங்கிறதே இந்த வீட்டுல கெடையாதே. அப்ப இது எங்கிருந்துடி வந்துச்சு? சொல்லு, எங்கிருந்து வந்துச்சு?" அவள் சொன்னது உண்மை. எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு டம்ளர், ஆளுக்கு ஒரு தட்டு. தண்ணீரை அண்ணாந்துதான் குடிக்க வேண்டும். நஸ்ரீன் கடித்த மாங்காயில் நான் ஒரு கடி கடித்தேன் என்று தெரிந்து அம்மா என் வாயை உப்புப் போட்டுக் கழுவவைத்திருக்கிறாள். அதனாலேயே அவளுக்கு இவ்வளவு நிச்சயம். வீட்டில் எச்சில் இல்லை, உதட்டில் புண் வந்திருக்கிறது, ஆகவே வெளியே எவனோ. கணக்கு வாத்தியார் போர்டில் எழுதுவது போல ஒன்றன் கீழ் ஒன்றாக அவளுக்கு விடை வந்துவிட்டது. "நான் ஒண்ணும் பண்ணலம்மா" என்றேன். அதை எத்தனை முறை சொன்னாலும் செய்தவளும் அதையேதான் சொல்வாள் என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது.

அப்பா அன்று சாப்பிடவில்லை. அதிலிருந்து என்னைப் பெயர் சொல்லியோ பாப்பா என்றோ கூப்பிடவும் இல்லை. பேச வேண்டியிருந்தால் அம்மாவைப் பார்த்து, "அத உள்ள போச் சொல்லு" என்கிறார். அடித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று நினைத்தேன். நீ என் வயதுக்கு வந்து நான் உன்மீது கோபப்படும் நாள் வந்தால், உன்னை அது என்று சொல்ல மாட்டேன். இதை இங்கே எழுதி வைக்கிறேன், நாளைக்கு நான் மறந்தாலும் நீ எடுத்துக் காட்டு.

இரண்டொரு நாள் கழித்து அம்மா என்னை டாக்டரிடம் கூட்டிப்போனாள். வாயைத் துப்பட்டாவால் மூடிக்கொள்ளச் சொல்லி, தெரிந்தவர் யாரும் ஏறாத மத்தியான பஸ்ஸில். டவுனில் தோல் டாக்டர் ஒரு லேடி இருக்கிறார். பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு சொல்தாவின் வீட்டு மாடியில் அவருடைய கிளினிக். நாங்கள் போன நேரம் அந்த வீட்டுக்காரர்களின் சொந்தக்காரர்கள் பாரிசுக்குத் திரும்பிப் போகிறார்கள் போல. வாசலில் காரை நிறுத்திக்கொண்டு, ஆணும் பெண்ணும், கிழவரும் குழந்தையும், இந்தக் கன்னம் அந்தக் கன்னம் என்று மாற்றி மாற்றி முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டிம்மா எங்களையும் யாரோ உறவென்று நினைத்து அம்மாவின் தோளைப் பிடித்து இழுத்துக் கன்னத்தை நீட்ட, அம்மா "ஐயோ, நாங்க டாக்டரப் பாக்க வந்தவங்க" என்று நெளிந்துகொண்டு மாடிப்படி ஏறினாள். வேறு எந்த நாளாக இருந்தாலும் நாங்கள் இரண்டு பேரும் வீடு வரும்வரை அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்போம். அன்று அம்மா படியில் நின்று, "கருமம்" என்று மட்டும் சொன்னாள்.

நான் உன்னிடம் எதையும் மறைக்கக் கூடாது என்றுதான் எழுத ஆரம்பித்தேன், ஆகவே இதையும் சொல்கிறேன். அம்மா மருந்துக்காக என்னை அங்கே அழைத்துப்போகவில்லை. என்னை வெளியே உட்காரவைக்கப் பார்த்தாள், டாக்டர் விடவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "பொண்ணு ஏதாச்சும் தப்பு பண்ணியிருக்கான்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்றாள். என்னைப் பெற்றவள், என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, யாரோ ஒருத்தரிடம் அப்படிக் கேட்டாள். டாக்டர் தன் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "ஏம்மா, உதட்டுல வந்த புண்ணுக்கு உதட்டப் பாத்தா போதாதா?" என்றார். என் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், உனக்கும் ஒரு நாள் தேவைப்படலாம். "இது ஒரு வைரஸ். நம்ம ஊர்ல நெறைய பேருக்கு இருக்கும், தெரியாது, அவ்வளவுதான். சின்னக் கொழந்தையா இருக்கறப்பவே வந்துடும். வீட்டுல யாருக்காச்சும் உதட்டுல இது இருக்கும்போது கொழந்தைக்கு முத்தம் குடுத்தா போதும். வந்துட்டு உள்ளாற நரம்புல போய்ப் படுத்துக்கும். அப்புறம் காய்ச்சல், வெயில், கவல, தூக்கமில்லாம பரீட்சைக்குப் படிக்கறது, இந்த மாதிரி ஏதாச்சும் வந்தா எழுந்து மேல வரும். உங்க பொண்ணுக்கு இப்ப எழுந்திருக்கு." பிறகு அம்மாவை நேராகப் பார்த்து, "உங்களுக்கு வர்றது உண்டா?" என்றார்.

அம்மா சொன்னாள்: "இல்லைங்க. எனக்கு வந்ததே இல்ல."

இதைக் கேட்டபோது நான் அதிர்ந்த மாதிரி கன்னத்தில் அறை விழுந்தபோதுகூட அதிரவில்லை. அம்மாவுக்கு ஒவ்வொரு கோடையிலும் உதட்டில் கொப்புளம் வரும். அதே இடம், அதே ஜவ்வரிசி. சூட்டுக் கொப்புளம் என்று சொல்லி வெண்ணெய் வைத்துக்கொண்டு, புளியும் காரமும் தின்ன முடியாமல் மோர்ச்சோறு தின்பாள். நான் குழந்தையிலிருந்து பார்க்கிறேன். என் உதட்டில் வந்ததைப் பார்த்தபோது ஏன் அது எனக்கும் நினைவுக்கு வரவில்லை என்று தெரியவில்லை. வெயிலில் வந்தால் சூடு, மழைக்காலத்தில் வந்தால் பல்லி. இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்துவிட்டதால் இரண்டும் வேறு வேறாகவே இருந்துவிட்டன. ஆனால் டாக்டர் அந்தக் கேள்வியைக் கேட்ட கணத்தில் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. அவள் கை தன்னையறியாமல் உதட்டுக்குப் போய், பாதியிலேயே நின்று, தாலிச் சரடைச் சரிசெய்தது. நான் பார்த்தேன். டாக்டரும் பார்த்தாரோ என்னவோ, மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் அதே க்ரீமை எழுதிக் கொடுத்தார்.

திரும்பும்போது பஸ் பாலத்தின்மேல் நின்றுவிட்டது. தேங்காய்த்திட்டுப் பக்கமிருந்து மீன் வண்டிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. அம்மா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள், "டாக்டரம்மா சொன்னதெல்லாம் உங்கப்பாகிட்ட ஒளறிக்கிட்டு இருக்காத." நான், "உனக்கு வருமேம்மா" என்றேன். "எனக்கு வர்றது சூடு" என்றாள். "அதேதாம்மா இது." "வாய மூடு. ஒனக்கு வந்தது எனக்கு வந்ததுன்னு ஒண்ணாக்காத." அப்புறம், என்னிடம் சொல்கிறாளா தனக்குத்தானே பேசுகிறாளா என்று தெரியாத குரலில், "ஒங்கிட்ட கேட்ட மாதிரியே எங்கிட்டயும் கேட்டா நான் எங்க போவேன்?" என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தை நான் இரண்டு நாளாக மென்றுகொண்டிருக்கிறேன். முதலில் கோபம் மட்டும்தான் வந்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள என்னைக் கொடுத்துவிட்டாள் என்று நினைத்தேன். இப்போதும் கோபம் போகவில்லை. ஆனால் அப்பா செருப்போடு உள்ளே வந்து "யார் அவன்" என்று கேட்டாரே, அந்தக் கேள்வி அம்மாவைப் பார்த்துத் திரும்பினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தேன். அவளுக்குக் கல்யாணமாகி இருபது வருஷம் ஆகப்போகிறது. ரவி சித்தப்பா கடையில் அந்தத் திரை இன்னும் இருக்கிறது. என்னைப் பற்றி நம்பியவர்கள் அவளைப் பற்றி நம்ப எவ்வளவு நேரம் ஆகும்? நான் பயந்ததைவிட அவள் அதிகமாகப் பயந்திருக்கிறாள். இதை எழுதும்போது எனக்கு அவள்மீது இரக்கம் வருகிறது, அதே சமயம் எழுந்துபோய் அவளை உலுக்க வேண்டும் போலவும் இருக்கிறது.

இன்னொன்றையும் உனக்குச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் விருந்தாளி யார் வந்தாலும் அம்மா சொல்கிற கதை ஒன்று உண்டு. நான் பிறந்து மூன்று மாதம் வரை அவள் என்னைத் தரையிலேயே விடமாட்டாளாம். வாயிலேயே முத்தம் கொடுப்பாளாம். அப்பா ஷிப்டு முடிந்து வந்து, "ஏய், கொழந்தயத் தின்னுடாத, எனக்கும் கொஞ்சம் மிச்சம் வையி" என்பாராம். எனக்குப் பல் முளைக்கும்வரை முறுக்கைத் தன் வாயில் மென்று என் வாயில் வைப்பாளாம். இதைச் சொல்லும்போது அவள் முகம் எவ்வளவு அழகாகிவிடும் தெரியுமா? யாராவது, "நீதான் எச்சில் பாப்பியே" என்று சீண்டினால், "கொழந்தைக்கு ஏது எச்சிலு?" என்பாள். டம்ளரில் இருப்பது எச்சில், தட்டில் இருப்பது எச்சில், நஸ்ரீனின் மாங்காயில் இருப்பது எச்சில். அவளுக்கும் எனக்கும் நடுவில் இருந்தது அவள் கணக்கில் வரவே இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று ஊரெல்லாம் தேடினார்கள். அது எங்கள் வீட்டின் மிக நல்ல கதைக்குள் இருந்தது.

அவள்மீது குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. உனக்கு நான் சொல்லித் தருகிறேன். உதட்டின் ஓரத்தில் ஊர்வது போல, குத்துவது போல, சூடாக இருப்பது போலத் தோன்றினால் அப்போதே க்ரீமை எடு. கொப்புளம் வரட்டும் என்று காத்திருக்காதே, அதற்குள் அந்த வைரஸ் பாதி வேலையை முடித்துவிடும் என்றார் டாக்டர். போடுவதற்கு முன்னாலும் பின்னாலும் கையைக் கழுவு. தேய்க்காதே, ஒத்தி வை. கண்ணைத் தொடாதே. பகல் முழுக்க நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் போட வேண்டும், மறந்துவிட்டால் ஒரேயடியாக அப்பிக்கொண்டு பயனில்லை. இது வைரஸை ஒழித்துவிடாது. கொஞ்சம் சீக்கிரம் ஆறும், அவ்வளவுதான். புண் காயும்வரை குழந்தைகளுக்கு முத்தம் கொடுக்காதே, துண்டைத் தனியாக வைத்துக்கொள். நீ பிறந்த பிறகு எனக்கு இது வந்தால் நானும் உன்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டு உன் பாதத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது ஆறியதும் சேர்த்துவைத்துக் கொடுப்பேன். அப்படியும் ஒருவேளை உனக்கு வந்துவிட்டால், டாக்டர் கேட்கும்போது, "எங்கிட்டேருந்துதாங்க வந்துச்சு" என்று நான் சொல்வேன். உன்னைப் பெற்றவள் சொல்ல வேண்டிய வார்த்தை அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது என் பிரச்சினை இதுதான். அப்பாவிடம் நான் சொல்லலாம். "அம்மாவுக்குக் கோடையில வர்றதுதாம்பா இது. அம்மா டாக்டர்கிட்ட இல்லன்னு சொல்லிட்டாங்க." இரண்டே வாக்கியம். சொன்னால் அவர் நம்புவாரா? தப்பிக்க அம்மாவைக் கோர்த்துவிடுகிறேன் என்று நினைத்தால்? நம்பிவிட்டால்? அது இன்னும் பயமாக இருக்கிறது. சொல்லாவிட்டால் விடிந்ததும் டி.சி. அதற்கப்புறம் தையல் மெஷினில் உட்கார்ந்து ஜாக்கெட் தைக்க வேண்டும், யாராவது பெண் பார்க்க வருவார்கள், அவர்களுக்கும் இந்தக் கதை எப்படியோ போயிருக்கும். கெமிஸ்ட்ரி ரெக்கார்டில் வரைய வேண்டிய இரண்டு படம் பாக்கி இருக்கிறது. அதை வரைந்து முடிக்கட்டுமா வேண்டாமா என்று மாலை முழுக்க யோசித்தேன். கடைசியில் வரைந்துவிட்டேன். ஏன் என்று கேட்காதே.

இங்கே நிறுத்தியிருந்தேன். நடந்ததை அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் மன்னித்துக்கொள்.

குழாயில் தண்ணீர் வரும் நேரமாகிவிட்டது. அம்மா குடத்தை எடுக்க எழுந்தவள், என் அறையில் வெளிச்சம் பார்த்துக் கதவைத் தள்ளினாள். தாள்களை மெஷின் உறைக்கு அடியில் தள்ளிவிட்டு எழுந்து நின்றேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். அழுகிறாளோ என்று நினைத்தேன்.

"தூங்கலியா?"

"தூக்கம் வரலம்மா."

அறையைச் சுற்றிப் பார்த்தாள். "அந்த க்ரீம எங்க வெச்சிருக்க?" என்றாள்.

"எதுக்கும்மா? தூக்கிப் போடாதம்மா, டாக்டர் எழுதிக் குடுத்தது."

அவள் முந்தானையை எடுத்தாள். கீழுதட்டின் இடது ஓரம் சிவந்து தடித்திருந்தது. "ராத்திரியிலேருந்து எரியுது. எறும்பு ஊர்ற மாதிரி கீது" என்றாள். கோடை வர இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது. டாக்டர் கவலை என்று ஒன்றையும் சேர்த்துச் சொன்னார் இல்லையா, அதை அவளும் கேட்டிருக்கிறாள்.

நான் போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். அவளையும் கழுவச் சொன்னேன். கழுவிக்கொண்டு வந்தாள். ட்யூபின் முனை படாமல் அவள் விரல் நுனியில் பயறளவு வைத்தேன். "தேய்க்காதம்மா. ஒத்தி வை." அவள் கண்ணாடியைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே வைத்தாள், நான்தான் 'இங்கே, இன்னும் கொஞ்சம் கீழே' என்று காட்டினேன். வெள்ளையாகத் திட்டுப் போல நின்றது.

"உனக்கும் இப்பிடித்தான் எரிஞ்சுதா?" என்றாள்.

"ம்."

"பரீட்ச எழுதறப்பவா?"

"ஆமாம்மா."

அவள் என் கன்னத்துக்குக் கையைக் கொண்டுவந்தாள், அன்று அறைந்த அதே பக்கம். தொடவில்லை. கையில் க்ரீம் இருக்கிறது என்று ஞாபகம் வந்திருக்க வேண்டும். "எனக்குக் கல்யாணத்துக்கு முன்னாடியே வரும்டி. எங்க வீட்டுல ஒருத்தரும் ஒரு வார்த்த கேக்கல" என்றாள். "நீ யூனிபாரத்த எடுத்து வையி." குடத்தை எடுக்காமலே போய்விட்டாள்.

முந்தானையைத் திரும்ப வாய்க்குக் கொண்டுபோவாள் என்று பார்த்தேன். கொண்டுபோகவில்லை. கூடத்தில் சுவிட்சு தட்டுகிற சத்தம் கேட்டது. கதவிடுக்கில் வெளிச்சம் வந்து இந்தத் தாளின்மேல் விழுகிறது. அப்பா, "இன்னா, அதுக்குள்ள விடிஞ்சிடுச்சா?" என்று தூக்கத்தில் முனகுகிறார். அம்மாவின் குரல் பக்கத்து வீட்டுக்கே கேட்கும்போலச் சத்தமாக இருக்கிறது.

"ஏங்க, எழுந்திரிங்க. பள்ளிக்கூடத்துக்கெல்லாம் போவ வேணாம். மொதல்ல என் வாயப் பாருங்க."